வயிற்றுப்போக்கு: சிஆர்பி பார்த்து ஆன்டிபயாட்டிக் தொடங்கலாமா?

மருத்துவ அலுவலர், மண்டபம்:
மல கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கிற டெஸ்ட்) ரிசல்ட் வர 2, 3 நாள் ஆகுது. அதுவரைக்கும் சிஆர்பியை (அழற்சி வந்தா ரத்தத்துல ஏறுற புரதம்) வச்சு ஆன்டிபயாட்டிக் முடிவு பண்ணலாமா? எந்த அளவுக்கு மேல? புரோகால்சிடோனின் (பாக்டீரியா தொற்றுல ஏறுற இன்னொரு ரத்தக் குறியீடு) வெளி லேபுக்குத்தான் போகணும், அந்தச் செலவுக்குப் பலன் உண்டா?

பொது மருத்துவர், ராமநாதபுரம்:
ஒரு நம்பரைக் கோடாப் போட்டுடாதீங்க டாக்டர். கிருமி குடல் சுவருக்குள்ள இறங்கி அழற்சி உண்டாக்குதான்னுதான் சிஆர்பி காட்டும். ஷிகெல்லா, கேம்பைலோபாக்டர் மாதிரி குடல் பாக்டீரியாவுல நல்லா ஏறும். காலராவுல நச்சுதான் வேலை செய்யுது, கிருமி உள்ள இறங்காது. கழனித்தண்ணி மாதிரி லிட்டர் கணக்குல போனாலும் சிஆர்பி பெருசா ஏறாது. ஆனா அங்கதான் டாக்சிசைக்ளின் 300 மி.கி. ஒரே வேளை கொடுத்தா போக்கு சீக்கிரம் நிக்கும். ஓஆர்எஸ், சலைன் அதுக்கு முன்னாடியே ஓடணும்.

நேரத்தையும் கேளுங்க. சிஆர்பி ஏற ஆரம்பிக்கவே 6–8 மணி நேரம், உச்சத்துக்கு ரெண்டு நாள் ஆகும். ராத்திரி நண்டு சாப்பிட்டு விடியக்காலை வர்றவருக்கு வர்ற குறைஞ்ச அளவை நம்பக் கூடாது. மலத்துல சளியோட ரத்தம், காய்ச்சல் இருந்தா அந்த அறிகுறிக்கே மருந்து தொடங்கலாம்.

லேப் டெக்னீஷியன், கீழக்கரை:
அலகைப் பாருங்க சார். சில லேப் டெசிலிட்டர்ல எழுதுது. 4.8 மி.கி./டெ.லி.ன்னா 48 மி.கி./லி. வெறும் 4.8னு பார்த்து நார்மல்னு தள்ளிவிட்டுடுவாங்க.

லேடெக்ஸ் ஸ்லைடுன்னா (சிஆர்பி இருந்தா கண்ணுக்குத் தெரியுற மாதிரி திரியுற டெஸ்ட்) 2 நிமிஷத்துல படிச்சிடணும், காய்ஞ்சா பொய்யா திரியும். சிஆர்பி மிக அதிகமா இருந்தா நேர்மாறா நெகட்டிவ் காட்டும். ஆள் மோசமா இருக்கார், ஸ்லைடு திரியாம நெகட்டிவா இருக்குன்னா சீரத்தை சலைன்ல 1:10 கலந்து திரும்பப் போடுங்க. ரீஏஜென்ட் 2–8 டிகிரியில இருக்கணும், உறைஞ்சா வீண்.

மல சாம்பிளை முதல் மாத்திரைக்கு முன்னாடி கேரி-பிளேர்ல (சாம்பிளை லேபுக்கு அனுப்புற ஊடகம்) எடுங்க. சீட்டுல ‘கடல் உணவு’ன்னு எழுதினா டிசிபிஎஸ் தட்டு (காலரா வகைக் கிருமிகளை வளர்க்கிறது) போடுவோம். காலரா மஞ்சளா வளரும், கடல் உணவுல வர்ற பாராஹீமோலிட்டிகஸ் பச்சையா வளரும்.

பொது மருத்துவர், ராமநாதபுரம்:
புரோகால்சிடோனின் விட்டுப்போச்சு. ஓபி நோயாளிக்கு வேண்டாம். உச்சத்துலேர்ந்து 80 சதவீதம் இறங்கினா மருந்தை நிறுத்தலாம்ங்கிற கணக்கு ஐசியூ செப்சிஸ் (உடம்பு முழுக்கப் பாதிக்கிற கடும் தொற்று) நோயாளிகளை வச்சு வந்தது, வயிற்றுப்போக்குக்கு அப்படியே பொருந்தாது. நீர் வத்தி கிட்னி அடிவாங்கினாலும் அது ஏறும், கிரியாட்டினின் இல்லாம படிக்காதீங்க.

மருத்துவ அலுவலர், மண்டபம்:
நன்றி சார். டைபாய்டு சந்தேகம்னா?

பொது மருத்துவர், ராமநாதபுரம்:
மருந்துக்கு முன்னாடி பெரியவங்களுக்கு 8–10 மி.லி. ரத்தம் கல்ச்சருக்கு. ஒத்தை வைடால் (டைபாய்டுக்கான ரத்த ஆன்டிபாடி டெஸ்ட்) போதாது. சிப்ரோஃப்ளாக்சசினை நம்ம நாட்டுல நம்ப முடியாது. அசித்ரோமைசின் இல்லேன்னா செஃப்ட்ரையாக்சோன். சரியான மருந்துலயே காய்ச்சல் இறங்க 4–6 நாள் ஆகலாம். ரெண்டாம் நாள் சிஆர்பி இறங்கலைன்னு மருந்தை மாத்திடாதீங்க.