கிள்ளை அக்காவுக்குப் பிடிக்காத படம்

முதுநகர் வீட்டுக் குழு, ஞாயிறு மாலை

மாமா: நீ அந்தக் கிள்ளை அக்காவை வரைந்த படம் பார்த்தேன் மாப்பிள்ளை. அந்த முகச் சுருக்கம், அந்தக் கண்… கலங்கிவிட்டது. புதுச்சேரிக் கண்காட்சிக்கு இதையே கொடு.

நான்: அந்த அக்காவுக்குப் பிடிக்கவில்லை மாமா.

பெரியம்மா: ஏன்டா? அச்சு அசலாகத்தானே இருக்கு?

நான்: காலையில் கிள்ளைக்குப் போய்க் காட்டினேன். “நான் எப்போ இப்படி அழுதுகிட்டு உட்கார்ந்திருந்தேன்? என் பறி எங்கே?” என்று கேட்டார்.

சித்தி: பறியா?

நான்: பிச்சாவரம் ஓடையில் இருளர்கள் வலை இல்லாமலே இறால் பிடிப்பார்கள் சித்தி. தண்ணீருக்குள் குந்தியபடி நகர்ந்து, சேற்றை இரண்டு கையாலும் துழாவுவார்கள். பிடித்ததைப் போட ஓலைப் பறி. கை சும்மா இல்லையே, அதனால் பறியை வாயில் கவ்விக்கொள்வார்கள். நான் அவரைக் கரையில் உட்காரவைத்து முகத்தை மட்டும் வரைந்துவிட்டேன்.

தங்கச்சி: வேலையை விட்டுட்டு சோகத்தை மட்டும் வரைஞ்சிருக்கே.

நான்: அதேதான். யூடியூப் பார்த்துக் கற்றதில் எனக்கு முதலில் கைவந்தது சுருக்கம். கரியை அழுத்தித் தேய்த்து, ரப்பரால் வெளிச்சம் எடுத்தால் போதும், எல்லோரும் உச்சுக்கொட்டுவார்கள்.

மாமா: வாயில் பறி வைத்தால் முகம் மறைந்துவிடுமேப்பா. யார் வாங்குவார்கள்?

பெரியம்மா: நீ சும்மா இரு தம்பி. 2011இல் ‘தானே’ புயலில் நம் கூரை போனபோது படம் எடுக்க ஒருத்தன் வந்தான். நான் பாத்திரம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். “கொஞ்சம் தலையில் கை வைங்கம்மா” என்றான்.

தங்கச்சி: வெச்சீங்களா?

பெரியம்மா: வைத்தேன். அதுதான் இன்னும் எரிகிறது.

சித்தி: 😔

தங்கச்சி: அண்ணா, 1943 வங்காளப் பஞ்சத்தை வரைந்த சித்தப்பிரசாத்தும் தானாகக் கற்றவர்தான். பசித்தவர்களை வரைந்து, படத்தோடு அவர்கள் பேரையும் கதையையும் எழுதி வைத்தார். புத்தகமாக வந்ததைப் பிரிட்டிஷ் அரசு பறித்து அழித்தது. அந்த அக்கா பேரைப் போடப் போறியா?

நான்: அவரே கேட்டார். மகள் பேரையும் சேர்க்கணுமாம். அந்தப் பெண்ணின் சாதிச் சான்றுக்காக அலைந்துகொண்டிருக்கிறார். “ஏதாவது ஒரு காகிதத்தில் எங்க பேர் வரட்டும்” என்று சிரித்தார்.

மாமா: சரி. எப்போ திரும்பப் போகிறாய்?

நான்: நாளை விடியற்காலையில். ஓடையில் இறங்கும்போதே பார்த்து வரையணும்.

பெரியம்மா: இறால் கிடைத்தால் அரைக் கிலோ வாங்கி வா. பேரம் பேசாதே.