டிட்டி குரங்கும் மக்காவ் கிளியும் காட்டில் ஒரே மாதிரிதான் வாழ்கின்றனவா?

கேள்வி (தேவா): இரண்டும் தென் அமெரிக்கக் காட்டில் ஜோடியாக வாழ்பவை. டிட்டியும் செம்மக்காவும் ஏறக்குறைய ஒரு கிலோதான். அப்போ வாழ்க்கையும் ஒரே மாதிரியா?

கயல்: ஜோடி என்பதோடு ஒற்றுமை முடிந்தது. டிட்டி ஒரு சின்ன எல்லையை விட்டு நகராது, விடிந்ததும் ஆணும் பெண்ணும் சேர்ந்து கத்தி 'இது எங்க இடம்' என்று பக்கத்துக் குடும்பத்துக்குச் சொல்லிவிடும், அப்புறம் கிளையில் ஒட்டி உட்கார்ந்து இரண்டு வாலையும் கயிறு திரிப்பதுபோல முறுக்கிக்கொள்ளும். குட்டியைச் சுமப்பது பெரும்பாலும் அப்பாதான், பாலுக்கு மட்டும் அம்மா. மக்காவ் பழம் தேடிப் பல கிலோமீட்டர் பறக்கும். பெருவில் தம்போபாட்டா ஆற்றங்கரையில் களிமண் தின்ன நூற்றுக்கணக்கில் கூடும்.

முத்து: களிமண் தின்பது, தின்ற விதைகளில் இருக்கும் விஷத்தை முறிக்கத்தானே?

கயல்: அப்படியும் சொல்வார்கள். சோடியம் என்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது, அந்தக் காட்டு உணவில் உப்பு ரொம்பக் குறைவு.

இளங்கோ: மக்காவுக்குப் பெரிய தலைவலி வீடு. பிரேசிலின் பந்தனால் சதுப்புநிலத்தில் நீல மக்காவ் பெரும்பாலும் மந்துவி மரப் பொந்தில்தான் முட்டையிடும், அந்த மரத்தில் தேவையான அளவு பொந்து விழவே 60 வருடமாவது ஆகும். டிட்டிக்குப் பொந்து வேண்டாம், கொடி அடர்ந்த கிளை போதும். அதற்காக அது தப்பித்தது என்று நினைக்காதீர்கள், பெருவின் சான் மார்ட்டின் டிட்டி காடழிப்பால் அழிவின் விளிம்பில் நிற்கிறது. இன்னொன்று, பொலிவியாவில் கண்டுபிடித்த ஒரு டிட்டிக்குப் பெயர் வைக்கும் உரிமையை 2005இல் 6,50,000 டாலருக்கு ஏலம் விட்டார்கள், பணம் மடிடி தேசியப் பூங்காவைக் காக்கப் போனது.

தேவா: குரங்குக்குப் பெயர் வைக்க ஏலமா! சரி, புரிந்தது.