புதுப்பிப்பு: ஷாம்பே–திரியான், ஜூன் கடைசியில் எந்த வழி?

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கேள்வி: ஆல்ப்ஸின் மோன் பிளாங்க் மலையைச் சுற்றி வரும் நடைபயணத்தில், சுவிஸ் ஊரான ஷாம்பேயிலிருந்து இன்னொரு சுவிஸ் ஊரான திரியானுக்கு 2,665 மீட்டர் உயர ஃபெனெத்ர் தார்பெத் கணவாய் வழியா, போவின் மேய்ச்சல்வெளி வழியா?

போவின் என்றவர்கள் சொன்னதே சரி. கணவாய்க்குக் கீழே செங்குத்துச் சரிவில் பழைய பனி கிடந்தது. காலையில் அது இறுகியிருக்கும். கிராம்பான் (காலணியில் மாட்டும் இரும்பு முட்கள்) இல்லாமல் சறுக்கினால் பாறைக்குவியலில்தான் போய் நிற்க வேண்டும். போவினில் பனி இல்லை, ஆனால் ஏற்றத்தில் ஈர வேர்கள் ஏராளம். ஊன்றுகோல் அவசியம்.

எதிர்பாராதது இரண்டு. மஞ்சள் வழிகாட்டிப் பலகையில் உள்ள நேரத்தில் ஓய்வு சேராது. பை கனமானால் கால்பங்கு கூட்டுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கான சிம் திட்டங்கள் சில சுவிஸுக்குள் வேலை செய்யாது. வரைபடத்தை முன்பே இறக்கிக்கொள்ளுங்கள்.