கோழிக் குஞ்சுகள் கண்ணைத் திறக்க மாட்டேன் என்கின்றன, அவசரம்

காரிமங்கலம் கோழி: வணக்கம். குஞ்சுகளுக்குக் கண் மூடிக்கொள்கிறது. நேற்று வரை நன்றாக ஓடித் திரிந்தவை, இன்று காலையில் பார்த்தால் பாதிக்கு மேல் மூலையில் ஒடுங்கி நிற்கின்றன, கண்ணில் நீர் வழிந்து சுற்றியுள்ள முடியெல்லாம் ஒட்டிக்கிடக்கிறது, இரை போட்டாலும் இடம் தெரியாமல் சும்மா தரையைக் கொத்துகின்றன. மெடிக்கலில் மனுஷங்க போடுகிற சொட்டு மருந்து கொடுத்தார்கள். போடலாமா? சீக்கிரம் சொல்லுங்க.

ஊத்தங்கரை சேவல்: எத்தனை நாள் குஞ்சு? தாயோடவா, பல்பிலா? ஒரு கண்ணா, ரெண்டு கண்ணுமா? முகம் வீங்கியிருக்கா?

அரூர் தோட்டம்: அம்மைதான். இப்போ கொசு அதிகம். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துத் தடவுங்க.

பெரியப்பா: கண் மூடுது என்று ஒரு வரி எழுதினால் நோயைச் சொல்ல இங்கே யாருக்கும் ஞானதிருஷ்டி கிடையாது தம்பி. வயது, தீவனம், தடுப்பூசி, இடம், இதையெல்லாம் எழுதிவிட்டுக் கேட்க வேண்டும் என்று எத்தனை முறைதான் சொல்வது.

அரூர் தோட்டம்: அவர் பதற்றத்தில் எழுதியிருக்கார், விடுங்க பெரியப்பா.

கேழ்வரகு: அம்மை என்றால் இமையிலும் கொண்டையிலும் பொருக்கு தெரியுமே அண்ணா. எனக்கென்னவோ வைட்டமின் ஏ குறைவு என்று தோன்றுகிறது. நம்ம பக்கம் குருணையும் ராகியும் மட்டும் போட்டு வளர்க்கிறவர்கள் அதிகம், அதில் அந்தச் சத்து ரொம்பக் குறைவு. மஞ்சள் மக்காச்சோளம் சேருங்க, முருங்கைக் கீரையைப் பொடியாக நறுக்கிப் போடுங்க. இமையைப் பிரித்தால் உள்ளே வெள்ளையாகத் தயிர்க்கட்டி மாதிரி இருக்கா, பாருங்க.

பர்கூர் ராணி: எங்க பாட்டி தாய்ப்பால் ஒரு சொட்டு விடுவாங்க.

காரிமங்கலம் கோழி: மூன்றாவது வாரம். சிறுவிடை நாட்டுக்கோழி, 40 குஞ்சு. நாலுக்கு மூணு அடி மரப்பெட்டி, அடியில் கடலைத்தோல், மேலே பல்பு. கடையில் வாங்கின குஞ்சுத் தீவனம்தான். பனி அதிகமாக இருக்கிறது என்று ராத்திரியில் தார்ப்பாய் போட்டு மூடிவிடுவேன். ரெண்டு கண்ணும். வீக்கம் இல்லை, வெள்ளைக் கட்டியும் இல்லை.

மத்திகிரி மாணவி: அண்ணா, தார்ப்பாயை முதலில் எடுங்க. அப்புறம் பெட்டிக்குள் தலையை விட்டு, குஞ்சு நிற்கிற உயரத்தில் மூச்சு இழுத்துப் பாருங்க, உங்களுக்கே கண் எரிந்தால் அது அமோனியா. எச்சத்திலுள்ள யூரிக் அமிலத்தை ஈரத்தில் கிருமிகள் சிதைக்கும்போது இந்த வாயு வரும், மூடி வைத்தால் உள்ளேயே தேங்கும். நாம் நின்றுகொண்டு மோந்தால் தெரியாது, குஞ்சு முகம் அதிலேயே கிடக்கிறது. காற்றில் 25 பிபிஎம் (பத்து லட்சத்தில் 25 பங்கு) தாண்டினாலே கெடுதல். இந்த வயதில் ஒரு குஞ்சுக்கு அரை சதுர அடியாவது வேண்டும், உங்கள் பெட்டி 12 சதுர அடிதான், 40 என்பது நெரிசல்.

சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் தொடவே தொடாதீங்க. கருவிழியில் புண் இருந்தால் அது இன்னும் மோசமாக்கும். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் லிட்டருக்கு 9 கிராம் உப்புப் போட்டு, பஞ்சில் நனைத்து, ஒட்டின இமையை ஊறவைத்துத் துடைங்க. இழுத்துப் பிரிக்காதீங்க. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேளுங்க, கரகரவென்று மூச்சுச் சத்தமோ கண்ணோரம் நுரையோ இருந்தால் அது சி.ஆர்.டி. என்கிற நாள்பட்ட மூச்சு நோய், அதுக்கு வேறு வைத்தியம். அப்போது டாக்டரிடம் காட்டியே ஆகணும், கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்குப் போன் பண்ணுங்க.

பெரியப்பா: இவ்வளவு பெரிய பிரசங்கம் எதற்கு? சுண்ணாம்பைத் தூவிக் கிளறிவிட்டால் தீர்ந்தது.

மத்திகிரி மாணவி: ஈரம் குறையும் சார், ஆனால் சுண்ணாம்பு காரம். ஈரமான எச்சத்தில் போட்டுக் கிளறினால் அமோனியா இன்னும் கிளம்பும். குஞ்சு உள்ளே இருக்கும்போது வேண்டவே வேண்டாம். கடலைத்தோலையே மொத்தமாக அள்ளிப் போட்டுவிட்டுப் புதுசு பரப்புவது நல்லது.

பெரியப்பா: நீ பிறக்கிறதுக்கு முன்னாடியிருந்து நான் ஆயிரக்கணக்கில் குஞ்சு இறக்கியவன். புத்தகத்தில் படித்ததை இங்கே கொட்டாதே.

ஊத்தங்கரை சேவல்: தரையில் கனமாக உமி, தோல் பரப்பி வளர்க்கிற ஆழ்கூளத்தில் கோழி இல்லாத நாளில் சுண்ணாம்பு போடுவது வேறு பெரியப்பா, அந்தப் பொண்ணு சொல்றது சரிதான். நானும் சூப்பர் பாஸ்பேட் உரம்தான் தூவுறேன், நாற்றம் அடங்குது.

பெரியப்பா: உரக்கடைக்காரன் சந்தோஷப்படுவான்.

அரூர் தோட்டம்: கண் போன குஞ்சை வைத்து என்ன பண்றது? கறிக்கும் ஆகாது. கழித்துவிடுவதுதான் நியாயம்.

பர்கூர் ராணி: ஏங்க, எங்க வீட்டில் ரெண்டு கண்ணும் தெரியாத பெட்டை ஒண்ணு வளர்ந்து முட்டையே வைக்குது. தண்ணியும் தீவனமும் எப்பவும் ஒரே இடத்தில் இருக்கணும், கிண்ணத்தை ஒரு அங்குலம்கூட நகர்த்தக் கூடாது. தீவனம் போடும்போது விளிம்பில் விரலால் ரெண்டு தட்டு தட்டுவேன், நேராக வந்துடும். கண்ணு தெரிஞ்ச சேவல்களோட மட்டும் விடாதீங்க, கொத்தியே கொன்னுடும். சாதுவான ஒரு துணை போதும்.

கேழ்வரகு: பத்து கோழிக்குச் சரி அக்கா, நூறு வைத்திருக்கிறவன் விரலால் தட்டிக்கொண்டே இருந்தால் சந்தைக்கு எப்போ போறது?

பர்கூர் ராணி: அவர் வச்சிருக்கிறது 40 தம்பி.

காரிமங்கலம் கோழி: தார்ப்பாயை எடுத்துப் பெட்டியைப் பெரிசு பண்ணினேன். மூக்கை உள்ளே விட்டதும் கண்ணில் தண்ணி கொட்டிடுச்சு. மூச்சுச் சத்தம் இல்லை. இப்போ மூணு தவிர எல்லாம் கண் திறந்து ஓடுது. நன்றி.

மத்திகிரி மாணவி: அந்த மூணுக்கும் கருவிழி வெள்ளையாக மங்கியிருக்கா, தெளிவாக இருந்தும் திறக்கவில்லையா? ரெண்டும் வேற வேற. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சொல்லுங்க.

பெரியப்பா: போயிட்டான். காரியம் முடிந்தால் யாரும் திரும்ப வரமாட்டார்கள். சுண்ணாம்பு விஷயத்துக்கு இன்னும் யாரும் எனக்குச் சரியான பதில் சொல்லவில்லை.