வால்வு ரேடியோவில் முதலில் மாற்ற வேண்டிய கன்டென்சர்

பழைய வால்வு ரேடியோ ஒன்று கைக்கு வந்ததும் பிளக்கைச் செருகி, பாடுகிறதா என்று பார்த்துவிடத்தான் எல்லாருக்கும் கை பரபரக்கும். என்னிடம் வந்த செட்டுகளில் பல, அந்தப் பரபரப்பில்தான் பாழாயிருந்தன.

காரைக்குடிப் பக்கம் ஒரு வீட்டைக் காலி செய்தபோது என் சித்தப்பா ஒரு செட் வாங்கி வந்தார். ஈசிஎச்81, ஈஎஃப்89, ஈபிசி81, ஈஎல்84, ஈஇசட்80 என்று ஐந்து வால்வு. பெட்டியில் ஒரு கீறல் இல்லை. விற்பதற்கு முன்னால் அந்த வீட்டுக்காரர்கள் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். கொஞ்ச நேரம் குரல் கரகரவென்று உடைந்து கேட்டதாம், அப்புறம் ஒரு தீய்ந்த வாடை, அதோடு சரி. திறந்து மீட்டர் வைத்தால், ஸ்பீக்கருக்குப் பாட்டைக் கொண்டுபோகும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி (வால்வுப் பக்கத்து) கம்பி அறுந்து கிடந்தது.

காரணம், சுண்டுவிரல் அளவுகூட இல்லாத 0.01 மைக்ரோஃபாரட் பேப்பர் கன்டென்சர். ஈபிசி81 வால்வின் பிளேட்டிலிருந்து (பாட்டு வெளியே வரும் முனை) பாட்டை மட்டும், ஸ்பீக்கரை இயக்கும் ஈஎல்84 வால்வின் கிரிட்டுக்கு (பாட்டு உள்ளே போகும் முனை) அனுப்பி, அங்குள்ள டிசி வோல்டேஜைத் தடுத்து நிறுத்துவதுதான் அதன் வேலை. மெழுகு வெடித்து, பல வருட ஈரம் காகிதத்துக்குள் இறங்கிவிட்டால் அந்தத் தடுப்பு போய்விடும். கேத்தோடைவிட (வால்வுக்குள் சூடாகும் முனை) சுமார் 7 வோல்ட் கீழே இருக்க வேண்டிய கிரிட் மேலே ஏறும். 48 மில்லியாம்பியர் இழுக்க வேண்டிய வால்வு அதைப்போல இரண்டு மூன்று மடங்கு இழுக்கும். பிளேட் சிவக்கும், முடி போன்ற டிரான்ஸ்ஃபார்மர் கம்பி எரியும். உம்மென்ற ஹம் சத்தம் கேட்டால் எல்லாரும் டிசியைச் சமன்செய்யும் ஃபில்டர் கன்டென்சரைத் தேடுகிறார்கள். இது அப்படிச் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்காது. அதனால் செட்டுக்குக் கரண்ட் கொடுப்பதற்கு முன்பே இதைக் கழற்றி, 630 வோல்ட் பாலியஸ்டர் ஒன்றை வைத்துவிடுகிறேன். சோதித்துப் பார்ப்பதுகூட இல்லை.

அடுத்தது ஃபில்டர். அலுமினிய டப்பாவுக்குள் இரண்டு கன்டென்சர் சேர்ந்து இருக்கும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்டால், "100 போடுங்க சார், ஹம்மே வராது" என்று எடுத்துக் கொடுப்பார்கள். ஹம் வராதுதான். ஆனால் ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் வால்வான ஈஇசட்80-க்கு அடுத்து வரும் முதல் கன்டென்சர் 50 மைக்ரோஃபாரடைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்த வால்வின் ஆயுள்தான் குறையும். 47 மைக்ரோஃபாரட், 450 வோல்ட் போதும். பழைய டப்பாவை வயர்களை மட்டும் விலக்கி அப்படியே மேலே விட்டுவிடுங்கள், பார்வைக்கு அழகாக இருக்கும். மைக்கா, செராமிக் கன்டென்சர்களைத் தொடாதீர்கள். அவை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், வீணாக மாற்றினால் டியூனிங்தான் கலையும்.

முதல் தடவை கரண்ட் கொடுக்கும்போது 60 வாட் குண்டு பல்பைச் சீரிஸில், அதாவது செட்டுக்குக் கரண்ட் போகும் ஒரு வயரின் நடுவில், போடுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்து மெல்ல மங்கினால் சரி. மங்காமல் அப்படியே எரிந்தால் உடனே பிடுங்கிவிட்டு ஷார்ட்டைத் தேட வேண்டும். பிடுங்கிய பிறகும் ஃபில்டரில் கரண்ட் நிற்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் வழியாக இறக்கி, மீட்டரில் பார்த்துவிட்டுக் கையை வையுங்கள்.

ஏசி, டிசி இரண்டிலும் ஓடும் ஏசி/டிசி செட் என்றால் கதையே வேறு. யுசிஎச்81, யுசிஎல்82, யுஒய்85 என்று 'யு'வில் தொடங்கும் வால்வுகள் இருந்தால் மெயின் டிரான்ஸ்ஃபார்மர் இருக்காது. பிளக்கைத் திருப்பிச் செருகினால் சேஸிஸ், அதாவது உள்ளேயுள்ள உலோகத் தட்டு முழுக்க 230 வோல்ட் நிற்கும். அப்படி ஒரு செட் வைத்திருந்த என் அத்தை வீட்டில், ஹாலின் குறுக்கே கட்டியிருந்த வலைப் பின்னல் செப்பு ஏரியலைத் துடைக்கப் போன பையனுக்கு ஷாக் அடித்தது. நல்லவேளை, மர ஸ்டூலில் நின்றிருந்தான். ஏரியலுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் இருந்த சின்ன கன்டென்சர் உள்ளுக்குள் ஷார்ட் ஆகியிருந்தது. செட் மட்டும் அருமையாகப் பாடிக்கொண்டிருந்தது, திருச்சி வானொலி (936 கிலோஹெர்ட்ஸ்) கணீரென்று கேட்டது. யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

அந்த இடத்துக்குச் சாதாரணக் கன்டென்சர் கூடாது. பழுதானாலும் ஷார்ட் ஆகாதபடி செய்யப்பட்ட ஒய்2 வகையை, பழைய மதிப்பிலேயே கேட்டு வாங்கிப் போடுங்கள். எர்த் டெர்மினலுக்குப் போகும் கன்டென்சருக்கும் அதே வகைதான்.