வரி நோட்டு டேபிள்: இரண்டாம் பக்கத்தில் தலைப்பு வரவில்லை, யாராவது சொல்லுங்கள்

கேட்டவர், அம்பாசமுத்திரம் பக்கம்:
அண்ணாச்சிமாரே, எங்கள் ஊர் அம்மன் கோவில் கொடைக்கு (திருவிழாவுக்கு) தலைக்கட்டு வரிப் பட்டியலை, அதாவது குடும்பவாரியாக வாங்கும் வரிப் பட்டியலை, இந்த வருஷம் வேர்டில் அடிக்கிறேன், இதுவரை நோட்டில் எழுதியதுதான். 142 தலைக்கட்டு. எண், பெயர், தெரு, வரி, கட்டியது, பாக்கி என்று ஆறு கட்டம். இரண்டாம் பக்கத்திலிருந்து தலைப்பே இல்லை, ரிப்பீட் ஹெடர் ரோஸ் அழுத்தியும் வரவில்லை. நீளமான பெயர் அடித்தால் அந்தக் கட்டம் அகன்று மற்றதெல்லாம் நெருங்கிவிடுகிறது. ஒருவர் பெயரில் பாதி இந்தப் பக்கம், பாதி அடுத்த பக்கம். வெள்ளிக்கிழமை ஊர்க்கூட்டத்தில் வாசிக்க வேண்டும், தலைப்பு இல்லாமல் கட்டம் மாற்றி வாசித்துவிட்டால் கட்டியவரைப் பாக்கிக்காரர் ஆக்கியதாகிவிடும்.

பாளையங்கோட்டையிலிருந்து:
டேபிளை மவுஸால் பிடித்து நகர்த்தினீர்களா தம்பி?

கேட்டவர்:
ஆமா அண்ணாச்சி, மேலே அம்மன் படம் வைக்க, மூலையில் வரும் நாலுமுனை அம்பைப் பிடித்துக் கீழே இழுத்தேன்.

பாளையங்கோட்டையிலிருந்து:
அதுதான் காரணம். அப்படி இழுத்தால் டெக்ஸ்ட் ராப்பிங் 'அரவுண்ட்' ஆகிவிடும், அதாவது எழுத்து டேபிளைச் சுற்றி ஓடும்படி மாறிவிடும், அரவுண்டில் இருக்கும் டேபிளுக்கு அடுத்த பக்கத்தில் தலைப்பு வராது. முழு டேபிளையும் செலக்ட் செய்து ரைட் கிளிக், டேபிள் பிராப்பர்ட்டீஸ், அதில் டெக்ஸ்ட் ராப்பிங்கை 'நன்' (None) என்று வையுங்கள். பக்கத்திலேயே 'ரோ' இருக்கும், அங்கே 'அலவ் ரோ டு பிரேக் அக்ராஸ் பேஜஸ்' டிக்கை எடுத்துவிட்டால் பெயர் பாதியில் உடையாது. அப்புறம் முதல் வரிசையில் கர்சர் வைத்து ரிப்பீட் கொடுங்கள். நடுவில் கண்ட்ரோல் என்டர் போட்டுப் பக்கம் பிரித்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், அதற்குக் கீழே தலைப்பு போகாது.

தென்காசி, டிடிபி வேலை:
கட்டம் அகலுவதற்கு டேபிளுக்குள் கர்சர் வைத்தால் வரும் டேபிள் லேஅவுட்டில் ஆட்டோஃபிட் போய் 'ஃபிக்ஸ்ட் காலம் விட்த்' கொடுங்கள். ஏ4 தாள் 21 செ.மீ., இரண்டு ஓரமும் 2.54 விட்டால் மிச்சம் 15.92. எண்ணுக்கு 1.2, பெயருக்கு 5.2, தெருவுக்கு 3.5, மற்ற மூன்றுக்கும் இரண்டிரண்டு, கணக்கு சரியாக வரும். வரிசை உயரத்தில் மட்டும் 'எக்ஸாக்ட்லி' வைக்காதீர்கள், பெயர் இரண்டு வரியானால் கீழ்வரி மறைந்துவிடும், ஒற்றை வரியிலும் கு, ஞ மாதிரி எழுத்துகளுக்குக் கால் வெட்டுப்படலாம். 'அட் லீஸ்ட்' 0.8 போதும்.

கேட்டவர்:
வந்துவிட்டது அண்ணாச்சி! ஆறு பக்கத்திலும் தலைப்பு நிற்கிறது. ரொம்ப நன்றி. கடைசி வரிசையில் மொத்தம் தானாக வருமா?

தென்காசி, டிடிபி வேலை:
வரும். அந்தக் கட்டத்தில் கர்சர் வைத்து, அதே டேபிள் லேஅவுட்டில் ஃபார்முலா போய் சம் அபவ், அதாவது =SUM(ABOVE), கொடுங்கள். கட்டாதவர்களுக்கு 0 போடுங்கள், காலியாக விட்டால் கூட்டல் அங்கேயே நின்றுவிடலாம். பிறகு யாராவது பணம் கட்டி நீங்கள் தொகையை மாற்றினால் மொத்தம் தானாக மாறாது, அதைச் செலக்ட் செய்து எஃப்9 அழுத்த வேண்டும். கூட்டத்துக்குக் கிளம்புமுன் ஒருதடவை அழுத்திவிட்டே பிரிண்ட் எடுங்கள்.