450 ரக ரிமோட் ஹெலியில் ரிசீவர் நடுவானில் அணைந்து மறுபடி வருகிறது: சிக்னலா, கரண்டா?

நாலாவது கிராஷ்:
வணக்கம். என்னுடையது டி-ரெக்ஸ் 450 மாதிரியில் வந்த, ஃப்ளைபார் (ரோட்டரைச் சமன்படுத்தும் குறுக்குக் கம்பி) உள்ள கிட். 325 மி.மீ. பிளேடு, வாலுக்கு பெல்ட், 3எஸ் (மூன்று செல்) 2200 லிப்போ பேட்டரி. மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சி 40 ஆம்பியர், ரிசீவருக்கு மின்சாரம் கொடுக்கும் பிஇசி அதற்குள்ளேயே இருக்கிறது. 5 வோல்ட் 3 ஆம்பியர் என்று லேபிள் சொல்கிறது. ரேடியோ ஃப்ளைஸ்கை எஃப்எஸ்-ஐ6, ரிசீவர் ஐஏ6பி. கிட்டோடு வந்த மூன்று சர்வோவையும் (பிளேடின் கோணத்தை அசைக்கும் சின்ன மோட்டார்) போன மாதம் கழற்றிவிட்டு மெட்டல் கியர் டிஜிட்டல் சர்வோ போட்டேன். வாலில் ஏற்கெனவே டிஜிட்டல்தான்.

ஞாயிறு காலை பத்தரை மணி, நல்ல வெயில். நான்கு நிமிடம் ஹோவரில் ஒரு குறையும் இல்லை. சரி, கொஞ்சம் பிட்ச் (பிளேடின் கோணம்) ஏற்றி இறக்கிப் பார்ப்போம் என்று பம்ப் செய்தேன். மூன்றாவது தடவை மோட்டார் சத்தம் சட்டென்று நின்றது. ஸ்டிக்கை எப்படி அசைத்தாலும் ஹெலி கேட்கவில்லை. இடுப்பு உயரம்தான் என்பதால் ஒரு பிளேடும் ஃப்ளைபார் கம்பியும் மட்டும் போயின. ஓடிப் போய்ப் பார்த்தால் சர்வோ எல்லாம் ஒன்றும் நடக்காதது போல வேலை செய்கிறது! மோட்டார் மட்டும் சுற்றவில்லை.

வீட்டில் மல்டிமீட்டர் வைத்தால் 5.02 வோல்ட். ரேஞ்ச் டெஸ்ட் சரி. பேட்டரியில் செல்லுக்கு 3.8 இருந்தது. என்னதான் ஆகியிருக்கும்?

மொட்டைமாடி பைலட்:
ஆண்டெனாதான் ப்ரோ, கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். கார்பன் ஃபிரேமை ஒட்டிப் படுத்திருந்தால் இப்படித்தான். இரண்டு ஒயரையும் ஒன்றுக்கொன்று 90 டிகிரியில் வெளியே நீட்டி வையுங்கள்.

பழைய நைட்ரோ:
தம்பி, ஆண்டெனாவைத் தொடுவதற்கு முன் ஒரு கேள்வி. விழுந்த பிறகு போய் எடுத்தபோது வாலை நிலைநிறுத்தும் கைரோவின் விளக்கு எப்படி இருந்தது?

நாலாவது கிராஷ்:
சொல்ல மறந்துவிட்டேன் அண்ணா. மினுக்கிக்கொண்டே இருந்தது. பேட்டரி மாட்டியவுடன் மினுக்குமே, அதே மாதிரி. கையில் தூக்கிக்கொண்டு வரும்வரை நிற்கவில்லை. தரையில் வைத்த பிறகுதான் நிலையாக எரிந்தது.

பழைய நைட்ரோ:
அப்படியானால் சிக்னல் போகவில்லை, கரண்ட் போயிருக்கிறது. கைரோவுக்குச் சாப்பாடு ரிசீவர் வழியாக வருகிறது. சிக்னல் மட்டும் அறுந்திருந்தால் கைரோவுக்கு 5 வோல்ட் வந்துகொண்டேதான் இருக்கும், அது முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டிய அவசியமே இல்லை. மினுக்கியது என்றால் அது ஒருமுறை அணைந்து எழுந்திருக்கிறது. ஆடாமல் வைத்தால்தான் அது தன் நடுநிலையைப் பிடிக்கும், அதனால்தான் உன் கையில் இருந்தவரை முடிக்கவில்லை.

மோட்டார் சுற்றாததற்கும் இதுதான் காரணம். ஈஎஸ்சிக்கு நேராக பேட்டரி இருக்கிறது. ஆனால் ரிசீவரிலிருந்து பல்ஸ் நின்றதும் மோட்டாரை நிறுத்திவிட்டது. ரிசீவர் திரும்பி வந்தாலும், த்ராட்டிலை ஒருமுறை அடிவரை இறக்காமல் அது மோட்டாரை விடாது. உன் ஸ்டிக் பாதியில் நின்றிருக்கும்.

வீட்டு மேஜையில் 5.02 வந்தது என்பதை நம்பாதே. சும்மா நிற்கும்போது எந்த பிஇசியும் 5 காட்டும். சில மில்லிசெகண்ட் விழுந்து எழுவது மல்டிமீட்டர் கண்ணில் படவே படாது.

சால்டர் புகை:
நைட்ரோ அண்ணன் சொன்னதற்கு மேலே கொஞ்சம் கணக்கு. அந்த ஈஎஸ்சி லேபிளில் பிஇசி லீனியரா, ஸ்விட்சிங்கா என்று பாருங்கள். லீனியர் என்றால் மிச்ச வோல்ட்டை எல்லாம் சூடாக எரித்துத்தான் 5க்கு இறக்கும். நிரம்பிய 3எஸ் 12.6 வோல்ட், இறக்க வேண்டியது 7.6. சர்வோக்கள் சராசரியாக 1 ஆம்பியர் குடித்தாலே 7.6 வாட் அந்தக் கட்டைவிரல் அளவு சர்க்யூட்டில் சூடாகிறது. சின்ன சால்டரிங் அயர்னை பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துச் சுற்றிய மாதிரி. மோட்டார் பக்கத்துச் சூடு தனி, பத்தரை மணி வெயில் தனி. எல்லை தாண்டினால் ரெகுலேட்டர் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும், ஆறினால் மறுபடி வரும். லேபிளில் இருக்கும் 3 ஆம்பியர் சில நொடிகளுக்குத்தான் நிஜம்.

நான்காவது நிமிடம் வரை நன்றாகப் பறந்து பம்ப் செய்யும்போது போனது என்பது இதற்கு அப்படியே பொருந்துகிறது. பிட்ச் ஸ்டிக்கை அடித்தால் மூன்று சர்வோவும் ஒரே நேரத்தில் ஓடும், வால் சர்வோவும் கூடவே சேரும்.

வால்காற்று:
பெல்ட் வால் என்பதால் இன்னொன்று: பெல்ட் உராய்ந்து ஸ்டாட்டிக் சேரும், காய்ந்த காற்றில் அதிகம். வால் குழாயிலிருந்து (பூம்) மோட்டார் உடலுக்கு ஒரு ஒயர் கொடுத்தால் சரியாகிவிடும். ஆனால் அது பெரும்பாலும் சர்வோவை வெடுக் வெடுக்கென்று உதற வைக்கும். உங்களுடையது அந்த ரகமாகத் தெரியவில்லை.

நாலாவது கிராஷ்:
லேபிளில் பொடி எழுத்தில் “லீனியர்” என்றே இருக்கிறது. அப்படியானால் 5 ஆம்பியர் யுபிஇசி (ஈஎஸ்சிக்கு வெளியே தனியாக மாட்டும் பிஇசி) ஒன்று வாங்கிவிட்டால் போதும்தானே?

பழைய நைட்ரோ:
வாங்கு, ஆனால் முதலில் ஏன் இவ்வளவு குடிக்கிறது என்று பார். எங்கேயோ ஒரு சர்வோ முட்டிக்கொண்டு நின்றால் பெரிய பிஇசி அந்தச் சர்வோவைப் பொசுக்கத்தான் உதவும்.

பிளேடைக் கழற்று. மோட்டாரின் மூன்று ஒயரில் இரண்டைப் பிரித்து, நுனிகள் ஒன்றையொன்று தொடாமல் டேப் சுற்று. இதைச் செய்யாமல் மேஜை மேல் பேட்டரி மாட்டாதே. பிறகு மூன்று நிமிடம் ஸ்டிக்கை மூலைக்கு மூலை ஓட்டு. உன் ரேடியோ திரையிலேயே ரிசீவர் வோல்ட் தெரியும், அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டு.

அப்புறம் ஒவ்வொரு சர்வோவின் சிவப்பு ஒயரிலும் மல்டிமீட்டரைத் தொடராக வை. 10 ஆம்பியர் துளையில் செருகு, மில்லிஆம்பியர் துளையில் செருகினால் ஃபியூஸ் போகும். ஸ்டிக்கை ஓரத்தில் பிடித்து நிறுத்தி ரீடிங் எடு.

நாலாவது கிராஷ்:
செய்தேன். ஆரம்பத்தில் திரையில் 5.0. இரண்டாவது நிமிடத்தில் ஓட்டும்போது 4.6 வரை இறங்கியது. மூன்றாவது நிமிடம் முடியும் முன் வால் ஒருமுறை துடித்தது, கைரோ மினுக்கியது. அதே வியாதி, இந்த முறை என் மேஜையில்! ஈஎஸ்சியில் விரல் வைக்க முடியவில்லை.

சர்வோ ரீடிங்: ஸ்டிக்கை ஓரத்தில் நிறுத்தினால் அந்த மூன்றில் இரண்டு ஏலரான் (பக்கவாட்டுச் சாய்வு) சர்வோவும் 0.1, 0.15. எலிவேட்டர் (முன்-பின் சாய்வு) சர்வோ மட்டும் 0.7லேயே நிற்கிறது, “ஙொய்” என்று முனகிக்கொண்டு. ஸ்டிக்கைக் கொஞ்சம் பின்னால் எடுத்தால் முனகல் நின்று 0.1க்கு வருகிறது. டார்ச் அடித்துப் பார்த்தேன். நெகட்டிவ் பிட்ச் கடைசியில் எலிவேட்டர் சர்வோ கையின் நுனி ஃபிரேமின் உள்விளிம்பில் போய் முட்டுகிறது. அங்கே கறுப்பு கார்பனில் ஊசி கீறிய மாதிரி வெள்ளைக் கோடு. பழைய சர்வோவின் கை இதைவிடக் குட்டை. புதிய கையை அப்படியே மாட்டிவிட்டேன்.

பழைய நைட்ரோ:
கிடைத்துவிட்டது. சர்வோ கையில் உள்ள லிங்க் பால் (கம்பி மாட்டும் சின்ன உருண்டை) உள்துளைக்குப் போகட்டும், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மிச்சக் கையை வெட்டிவிடு. மூன்று சர்வோவுக்கும் பால் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றினால் ஸ்வாஷ்பிளேட் (சர்வோ அசைவைப் பிளேடுக்குக் கொண்டுபோகும் தட்டு) சாயும். பால் லிங்க் எல்லாம் விரலால் அசைத்தால் தானாகத் தொங்க வேண்டும், இறுக்கமாக இருந்தால் அதுவும் கரண்ட்தான்.

மொட்டைமாடி பைலட்:
ஆண்டெனா என்றது நான்தான், மன்னித்துவிடுங்கள். ஆனால் 4700 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றைக் காலி சேனலில் செருகினால் இதெல்லாம் வராது என்கிறார்களே?

சால்டர் புகை:
அது எவ்வளவு நேரம் தாங்கும் என்று கணக்குப் போடுங்கள். பிஇசி கொடுப்பதற்கு மேல் 3 ஆம்பியர் தேவைப்பட்டால், 4700 மைக்ரோஃபாரட் ஒன்றரை மில்லிசெகண்டிலேயே 1 வோல்ட் இறங்கிவிடும். டிஜிட்டல் சர்வோ உதறும்போது வரும் கூரான இழுப்புக்கு உதவும். சூட்டில் அணைந்துபோன பிஇசிக்கு அது ஒன்றும் செய்யாது. செருகினாலும் மைனஸ் கோடு கறுப்பு ஒயர் பக்கம் இருக்கட்டும்.

யுபிஇசிக்கு மூன்று விஷயம். ஈஎஸ்சியிலிருந்து ரிசீவருக்குப் போகும் பிளக்கில் நடுவில் உள்ள சிவப்பு ஒயரை எடுத்துவிடுங்கள். இரண்டு பிஇசி ஒரே லைனில் இருக்கக் கூடாது. ஒயரை வெட்ட வேண்டாம். ஊக்கு நுனியால் பிளாஸ்டிக் நாக்கை லேசாகத் தூக்கினால் பின் வழுக்கிக்கொண்டு வரும், மடக்கி ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள். யுபிஇசியிலிருந்து இரண்டு லீட் வந்தால் இரண்டையும் ரிசீவரில் செருகுங்கள், அந்தச் சின்ன பிளக்கின் பின் ஒன்றுக்கு 3 ஆம்பியருக்கு மேல் சுமை வைக்காதீர்கள். ஸ்விட்சிங் ரகம் இரைச்சல் போடும், ஆண்டெனாவிலிருந்து தள்ளிக் கட்டுங்கள்.

6 வோல்ட்டுக்கு மாற்றும் ஜம்பர் இருந்தால் கை அரிக்கும். வால் சர்வோவின் லேபிளைப் படிக்காமல் மாற்றாதீர்கள், பழைய வால் சர்வோ பலவும் 4.8 வோல்ட்டுக்கே செய்தவை.

நாலாவது கிராஷ்:
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். பாலை உள்துளைக்கு மாற்றி கையை வெட்டினேன், ஸ்வாஷ் லெவலை முதலிலிருந்து வைத்தேன், பிட்ச் அளவு குறைந்ததை ரேடியோவில் கூட்டிக்கொண்டேன். எலிவேட்டர் சர்வோ இப்போது ஓரத்திலும் 0.15தான். யுபிஇசி வருவதற்கு முன்பே மேஜையில் பழைய பிஇசியோடு ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்தேன், 4.8க்குக் கீழே இறங்கவில்லை. இருந்தாலும் அதை நம்பிப் பறக்கவில்லை.

நேற்று யுபிஇசியோடு நான்கு பேட்டரி பறந்தேன், அதே பத்தரை மணி வெயிலில்தான். திரையில் மிகக் குறைந்தது 5.0. பம்ப் செய்தும் கைரோ விளக்கு அசையவில்லை. இறக்கியதும் முதல் வேலையாக ஈஎஸ்சியில் விரல் வைத்தேன், வெதுவெதுப்புதான்.

பழைய நைட்ரோ:
நல்லது. ஃப்ளைபார் கம்பி புதிதாகப் போட்டாயா, பழையதை நிமிர்த்தினாயா?

நாலாவது கிராஷ்:
நிமிர்த்தினேன் அண்ணா.

பழைய நைட்ரோ:
கழற்று. புதிது போடும்வரை பறக்காதே.